பழைய மாவு மில்லில் எம் 8 போல்ட் ரெண்டு சுற்றிலேயே இறுகி நின்றுவிடுகிறது: என்ன அளவு வாங்குவது?

கேட்டவர்: மில்லுக்காரப் பொண்ணு, துறையூர்

எல்லோருக்கும் வணக்கம். எங்க வீட்டோட சேர்ந்து அப்பா காலத்து மாவு மில் ஒண்ணு இருக்கு. அரிசி மாவு, கேப்பை, மிளகாய்த்தூள், மல்லி எல்லாம் அதுலதான் அரைக்கிறோம். அப்பாவுக்கு முட்டிவலி, நிக்க முடியல. அதனால இப்ப நான்தான் பார்த்துக்கிறேன்.

கல்லு இருக்கிற பகுதிக்கு மேல ஒரு வட்ட மூடி வரும். அதைப் பிடிக்கிற போல்ட் எல்லாம் நட்டு இல்லாம நேரா மில்லோட உடம்புலயே ஏறுது. அதுல ரெண்டு போல்ட் துருப்பிடிச்சுத் தேஞ்சு போச்சு. ஒண்ணைக் கழட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற ஹார்டுவேர் கடைக்குக் கொண்டு போனேன். கடைத் தம்பி ஒரு எம் 8 போல்ட்டைப் பக்கத்துல வச்சுப் பார்த்து "அதேதான் அக்கா"ன்னு கொடுத்தார். என் கண்ணுக்கும் ரெண்டும் ஒரே தடிமன்தான்.

வீட்டுக்கு வந்து மாட்டினா கையால ரெண்டு சுற்று நல்லா ஏறுது. அப்புறம் இறுகி நிக்குது. பழைய போல்ட்டை அதே ஓட்டையில வச்சா கடைசி வரைக்கும் வழுக்கிட்டுப் போகுது. அப்படின்னா ஓட்டையில அழுக்கு இல்லைன்னுதானே அர்த்தம்? இதே மில்லுக்குப் போன வருஷம் மோட்டார் மாத்தினோம். அந்த மோட்டாரோட காலுக்கு இதே கடையில வாங்கின போல்ட்டும் நட்டும் ஒரு தொந்தரவும் பண்ணல. மூடிக்கு மட்டும் ஏன் இப்படி? மூட்டை தூக்க வர்ற அண்ணன் "ஸ்பேனர்ல பைப்பை மாட்டி இழுத்தா தானா ஏறிடும்"ங்கிறார். இழுக்கலாமா?

பதில்: பம்புசெட் ரிப்பேர்

புது போல்ட் முதல்ல அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் எண்ணெய் விட்டு நல்ல ஸ்பேனரா போட்டு இறுக்குங்க, வழி பண்ணிக்கிட்டுப் போயிடும். கிணத்து மோட்டார்ல நான் எத்தனையோ தடவை செஞ்சிருக்கேன்.

பதில்: லேத்துப் பட்டறை, கணபதி, கோவை

அம்மிணி, பைப்பு போட்டு இழுத்துடாதீங்க. எண்ணெய் விட்டும் இழுக்க வேண்டாமுங்க. மேல எழுதின தம்பி நல்லதுக்குத்தான் சொல்லியிருக்கார், ஆனா இந்த இடத்துல அது சரிப்படாது. உங்க மில்லு உடம்பு வார்ப்பிரும்பு. போல்ட்டு எஃகு. ரெண்டும் மல்லுக்கு நின்னா தோக்கறது வார்ப்புதான். போல்ட்டு போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம். உடம்புல இருக்கற மரை, அதாவது ஓட்டைக்குள்ள சுத்திச் சுத்தி ஓடற பல்லு போச்சுன்னா மில்லையே தூக்கிட்டு பட்டறைக்கு வரணும்.

நீங்க சொன்னதுல எல்லாமே இருக்குங்க. ரெண்டு சுற்று ஏறி நிக்குது, பழைய போல்ட்டு அதே ஓட்டையில சுகமா போகுது, தடிமன் கண்ணுக்கு ஒண்ணா தெரியுது. அப்படின்னா பழசு ரெண்டரை நூல், அதாவது அங்குலத்துல பதினாறுல அஞ்சு பங்கு, விட்வொர்த் போல்ட்டா இருக்கணும். விட்வொர்த்துங்கறது பழைய இங்கிலாந்து அங்குல அளவு. பி.எஸ்.டபிள்யூ.ன்னு சொல்றது அதைத்தான். அதோட தடிமன் 7.94 மில்லி. எம் 8 சரியா 8 மில்லி. இந்த வித்தியாசத்தைக் கண்ணால கண்டுபிடிக்க எங்களாலயும் ஆகாது. கடைத் தம்பி மேல குத்தமில்லீங்க.

மாறுறது மரைக்கும் மரைக்கும் நடுவுல இருக்கற தூரம். பிட்ச்சுன்னு சொல்வோம். எம் 8-க்கு 1.25 மில்லி. ரெண்டரை நூல் விட்வொர்த்துக்கு ஒரு அங்குலத்துல 18 மரை, அதாவது சுமார் 1.41 மில்லி. முதல் ரெண்டு சுற்றுல அந்தச் சின்ன வித்தியாசம் மரையோட இடுக்குல அடங்கிடும். மூணாவது, நாலாவது சுற்றுல அது சேர்ந்து சேர்ந்து ஒரு மரை இன்னொண்ணு மேல ஏறி உக்காந்துக்கும். அதுதான் நீங்க பார்த்த இறுக்கம். போதாததுக்கு மரையோட கோணமும் வேற. விட்வொர்த்துக்கு 55 டிகிரி, எம் 8 மாதிரி மெட்ரிக் போல்ட்டுக்கு 60.

சந்தேகம் இருந்தா வீட்டுலயே அளந்துடலாம். பிட்ச் கேஜ் எல்லாம் வேண்டாம், பள்ளிக்கூட ஸ்கேல் போதும். பழைய போல்ட்டுல ஒரு மரையோட உச்சியில பூஜ்ஜியத்தை வையுங்க. அதை விட்டுட்டு அடுத்த உச்சியில இருந்து எண்ணி பத்தாவது உச்சி எங்க வருதுன்னு பாருங்க. 14 மில்லிக்குப் பக்கத்துல வந்தா விட்வொர்த். பன்னெண்டரை வந்தா மெட்ரிக். இன்னொரு வழியும் இருக்கு. பழசையும் புதுசையும் மரைக்கு மரை பொருத்தி வெளிச்சத்துல தூக்கிப் பிடிங்க. ஒரே பிட்ச்சா இருந்தா நடுவுல வெளிச்சம் வராது. வேற வேறன்னா ஒரு பக்கம் பல்லு பதியும், மறுபக்கம் வெளிச்சம் தெரியும்.

போல்ட்டு தலையை வச்சு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க. எம் 8-க்குப் பொதுவா 13 ஸ்பேனர். ஆனா ஜப்பான் டிசைன்ல வந்த பைக்குல அதே எம் 8-க்கு 12 ஸ்பேனர் தலை இருக்கும். விட்வொர்த்துல பழைய தலை ஒரு அளவு, பின்னாடி வந்த தலை ஒரு அளவு. தலை சொல்றதை நம்பாதீங்க, மரையை நம்புங்க.

மோட்டாருக்கு ஏன் சரியாப் பொருந்துச்சுன்னு கேட்டிருந்தீங்க. மோட்டார் காலுல இருக்கறது வெறும் ஓட்டை, அதுல மரை கிடையாது. போல்ட்டும் நட்டும் ஒரே கடையில, ஒரே அளவுல வாங்கினீங்க, ஒண்ணுக்கொண்ணு சேர்ந்துக்கிச்சு. மூடிக்கு அப்படி இல்லீங்க. ஒரு பாதி நீங்க இப்ப வாங்கினது, மறுபாதி உங்க அப்பா காலத்துல ஏதோ ஒரு வார்ப்புப் பட்டறையில யாரோ டேப், அதாவது ஓட்டைக்குள்ள மரை வெட்டற கருவி, ஓட்டினது.

இதைப் பத்திக் கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுத்துக்கோங்க. எங்க பட்டறைக்கு வர்ற பசங்களுக்கு முதல் வாரமே நான் சொல்லித் தர்றது இதுதான். ஒரு காலத்துல போல்ட்டுக்குன்னு பொது அளவே கிடையாது. ஒவ்வொரு பட்டறையும் தனக்குத் தோணின மரையை வெட்டுச்சு. ஒரு போல்ட்டுக்கு அதோட சோடி நட்டு மட்டும்தான் சேரும். மெஷினைப் பிரிக்கும்போது எது எதோட சோடின்னு குறி போட்டு வைக்கணும், மாறிப்போச்சுன்னா திரும்ப மாட்டவே முடியாது. 1800 வாக்குல லண்டன்ல ஹென்றி மாட்ஸ்லே மரை வெட்டற லேத்தை நல்ல துல்லியத்துக்குக் கொண்டு வந்தார். அவர்கிட்ட வேலை பார்த்தவர்தான் ஜோசஃப் விட்வொர்த். அவர் பல பட்டறைகள்ல இருந்து போல்ட்டுகளைச் சேகரிச்சு, அளந்து, நடுவாந்தரமா ஒரு அளவைத் தேர்ந்தெடுத்து 1841-ல முன்வச்சார். இத்தனை தடிமனுக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை, கோணம் 55 டிகிரி. உங்க மில்லு மூடியில இன்னைக்கும் இருக்கறது அந்த மனுஷன் வகுத்த கணக்குங்க.

அமெரிக்காக்காரங்க 1864-ல வில்லியம் செல்லர்ஸ் சொன்ன 60 டிகிரியைப் பிடிச்சுக்கிட்டாங்க. வெட்டறதுக்கும் அளக்கறதுக்கும் அது சுலபம். அதனால சில அளவுல இங்கிலாந்து போல்ட்டும் அமெரிக்கா போல்ட்டும் பார்க்க ஒண்ணு, மாட்டினா வேற. அரை அங்குல போல்ட்டுக்கு விட்வொர்த்துல அங்குலத்துக்கு 12 மரை, அமெரிக்காவுல 13. ரெண்டாம் உலகப்போர்ல சேர்ந்து சண்டை போட்ட நாடுங்க ஒருத்தர் உதிரியை ஒருத்தர் மாட்ட முடியாமத் தவிச்சுது. அதுக்கப்புறம்தான் 1948-ல அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா மூணும் உக்காந்து ஒரே மரைக்குக் கையெழுத்துப் போட்டாங்க.

பால்டிமோர் தீயைப் பத்தி நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. 1904 பிப்ரவரியில அமெரிக்காவுல அந்த ஊரு பத்திக்கிச்சு. வாஷிங்டன்ல இருந்து, ஃபிலடெல்ஃபியாவுல இருந்தெல்லாம் தீயணைப்பு வண்டி ஓடி வந்துச்சு. ஆளு இருக்கு, வண்டி இருக்கு, தண்ணியும் இருக்கு. ஆனா வந்தவங்க ஹோஸ் பைப்போட மரை பால்டிமோர் குழாயில சேரல. 1,500 கட்டிடத்துக்கு மேல சாம்பல். எனக்கு அதை நினைச்சா இன்னைக்கும் மனசு ஆறாது. பொருளைச் செய்யறவன் அடுத்த ஊர்ல செய்யறவனோட ஒத்துப்போகலைன்னா எங்க கொண்டு போய் விடும் பாருங்க.

நம்ம நாட்டுல மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956-ல வந்துச்சு. சட்டம் மாறுச்சு, ஆனா பட்டறையில தொங்கின டேப்பும், போல்ட்டுல மரை வெட்டற டையும் மாறலீங்க. மாவு மில்லு, கரும்பாலை, பழைய டீசல் என்ஜின், தறி இப்படி சின்னப் பட்டறை செஞ்ச சாமானுக்கெல்லாம் விட்வொர்த்தே ரொம்ப காலம் ஓடுச்சு. கோவையில ஸ்பின்னிங் மில்லுகளுக்கு வந்த பழைய இங்கிலாந்து மெஷினுக்கு உதிரி செஞ்சே வளர்ந்த பட்டறைங்க பல. அந்தக் கை அங்குலத்துலதான் பழகுச்சு. அதனாலதான் விட்வொர்த் போல்ட்டு இன்னும் நம்ம கடையில கிடைக்குது, கிடைக்கவும் வேணும். புதுசா மெஷின் செய்யறவங்க மெட்ரிக்ல செய்யட்டும், அதுல எனக்கு மறுபேச்சு இல்ல. ஆனா ஓடிட்டிருக்கற பழைய மெஷினுக்கு அதோட மரையிலேயே போல்ட்டு கொடுக்கறதுதான் நியாயம். எம் 8 டேப்பை உள்ள விட்டுப் புது மரை போட்டுக்கலாமான்னு யாராவது சொல்வாங்க. வேண்டாமுங்க. பழைய மரை மேல புது மரை ஓடினா ரெண்டுமே பாதிப் பல்லாத்தான் நிக்கும்.

பதில்: ஹார்டுவேர் அக்கா, மதுரை

மேலே ஐயா சொன்னதுக்கு மேல மரையைப் பத்திச் சொல்ல எனக்கு ஒண்ணுமில்ல. கடையில எப்படிக் கேக்கணும்னு மட்டும் சொல்றேன். பாதிப் பிரச்சினை அங்கதான் வருது.

ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். ரெண்டு நூல்னா கால் அங்குலம், மூணு நூல்னா எட்டுல மூணு பங்கு, அவ்வளவுதான். ரெண்டரை நூல்னா பதினாறுல அஞ்சு பங்கு. நீங்க போய் "எட்டு எம்.எம். போல்ட்"னு கேட்டா எம் 8-தான் வரும். "ரெண்டரை நூல், இஞ்சு மரை"ன்னு கேளுங்க. அப்பவும் பழைய போல்ட்டைக் கையோட கொண்டு போங்க. கூடவே இன்னொண்ணு செய்யுங்க: அந்த டப்பாவுல இருந்து ஒரு நட்டையும் எடுத்து, உங்க பழைய போல்ட்டுல கையால ஏத்திப் பாருங்க. முழுசும் போச்சுன்னா அந்த டப்பா போல்ட்டைக் கண்ணை மூடிட்டு வாங்கலாம். தேஞ்ச இடத்துல பார்க்காதீங்க, தலைக்குப் பக்கத்துல மரை நல்லா இருக்கிற இடம் வரைக்கும் போகணும்.

நீளம் சொல்லும்போது தலையைச் சேர்க்காமச் சொல்லணும். தலைக்கு அடியில இருந்து நுனி வரைக்கும். இதுல தப்பா வாங்கிட்டுத் திரும்ப வர்றவங்க தினம் உண்டு. உங்களுக்கு அடியில நட்டு இல்லாததால நீளம் கூடினா நுனி ஓட்டையோட அடியில முட்டிக்கும், தலை மூடியைப் பிடிக்காது. இறுகின மாதிரி இருக்கும், மூடி ஆடிக்கிட்டே இருக்கும்.

குழாய் விஷயத்துலயும் இதே கதைதான். அரை அங்குல டாப்னு வாங்குறோமே, அதோட மரையை அளந்தா வெளி விட்டம் கிட்டத்தட்ட 21 மில்லி வரும். அரை அங்குலம்னா பன்னெண்டே முக்கால் மில்லிகூட இல்லியேன்னு படிச்ச பிள்ளைங்க வந்து சண்டை போடும். அது அந்தக் காலத்து இரும்புக் குழாயோட உள்துவாரத்தை வச்சு வந்த பேரு. அந்த மரையும் விட்வொர்த் கோணம்தான், அங்குலத்துக்கு 14. மெட்ரிக் வந்து இத்தனை வருஷம் ஆகியும் தண்ணிக் குழாயை மட்டும் யாராலயும் மாத்த முடியல. மாத்தவும் வேண்டாம், சென்னையில வாங்கின டாப் தேனியில பொருந்துதுன்னா அதனாலதான்.

பதில்: ஓசூர் ஷிஃப்ட்

நான் போல்ட் செய்யுற தொழிற்சாலையில வேலை பார்க்கிறேன். ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். எங்க தொழிற்சாலையில போல்ட்டைக் கம்பியைக் கடைஞ்சு செய்யுறதில்ல. சுருளா வர்ற கம்பியை நேராக்கி, வெட்டி, சூடு பண்ணாமலே அச்சுல அடிச்சுத் தலை எடுப்போம். மரையையும் வெட்ட மாட்டோம். ரெண்டு அச்சுக்கு நடுவுல விட்டு உருட்டினா மரை பதிஞ்சிடும். வெட்டினா உலோகத்தோட இழை அறுந்துபோகும். உருட்டினா இழை மரையோட வளைஞ்சு கொடுக்கும், அதனால பலம் கூடும். அடிக்கிற சத்தத்துல பேச்சே கேக்காது, ஆனா கையில வந்து விழுற ஒவ்வொரு போல்ட்டையும் கேஜ்ல போட்டுப் பார்த்து ஒரே மாதிரி இருக்கும்போது ஒரு நிறைவு வரும், அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

தலையில 8.8-னு எழுதியிருந்தா அது பலத்தோட அளவு. முதல் எட்டு, இழுத்தா 800 மெகாபாஸ்கல் வரைக்கும் தாங்கும்னு. அடுத்த எட்டு, அதுல 80 சதவீதம், அதாவது 640 வரைக்கும் நீண்டு போகாமத் திரும்பும்னு. மூடி பிடிக்கிற வேலைக்கு அவ்வளவு பலம் தேவையில்ல. சாதாரண போல்ட்டே போதும்.

அக்கா துருப்பிடிச்சதுன்னு எழுதியிருக்கீங்க, அதனால ஸ்டெயின்லெஸ் வாங்கலாமேன்னு தோணும். நல்லதுதான், மாவு படுற இடம். ஆனா ஸ்டெயின்லெஸ் போல்ட்டை ஸ்டெயின்லெஸ் நட்டுல வேகமா இறுக்கினா ரெண்டும் ஒட்டிப் பிடிச்சுக்கும், அறுத்துத்தான் எடுக்கணும். வார்ப்பிரும்புல அந்தத் தொந்தரவு குறைவு. ரெண்டரை நூல் இஞ்சு மரையில ஸ்டெயின்லெஸ் கிடைச்சா போடுங்க, கிடைக்கலைன்னா நாகமுலாம் போட்டதை வாங்கி ஸ்பிரிங் வாஷரோட போடுங்க. மில் அதிருற மெஷின், வாஷர் இல்லாம விடாதீங்க.

மில்லுக்காரப் பொண்ணு, துறையூர்

ஐயா, அக்கா, தம்பி மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. ஸ்கேல் வச்சுப் பார்த்தேன். பத்தாவது உச்சி சரியா 14-ல நிக்குது. கடையில இருந்து வந்ததுல பன்னெண்டரை. வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்ததும் அப்பாவே எழுந்து வந்து பார்த்தார்.

ஒரு சங்கடம். உங்க பதிலை நான் பார்க்கிறதுக்கு முன்னாடியே அந்த மூட்டை தூக்குற அண்ணன் ஒரு ஓட்டையில பைப் போட்டு இழுத்துட்டார். இப்ப பழைய போல்ட்டே அதுல நேரா ஏற மாட்டேங்குது. வாயில முதல் மரை நசுங்கின மாதிரி பளபளன்னு தெரியுது. என்ன செய்யலாம்?

பதில்: லேத்துப் பட்டறை, கணபதி, கோவை

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க அம்மிணி. அந்த அண்ணனையும் ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க.

வாயில மட்டும் நசுங்கியிருந்தா தப்பிச்சுடும். ரெண்டரை நூல் பி.எஸ்.டபிள்யூ. டேப்பு மூணு உருப்படியா ஒரு செட்டா வரும். நுனி சரிவா இருக்கற முதல் டேப்பைக் கையால, நேரா, அவசரமில்லாம விடுங்க. உள்ள இருக்கற நல்ல மரை அதுக்கு வழி காட்டும். அரைச் சுற்று முன்ன, கால் சுற்று பின்ன. வார்ப்பிரும்புக்கு எண்ணெய் வேண்டாம், துருவல் தூளா உதிரும், எண்ணெய் பட்டா சேறாகி அடைச்சுக்கும். டேப்பு சொந்தமா வாங்கணும்னு இல்ல, துறையூர்ல எந்த லேத்துப் பட்டறையிலயும் இருக்கும். மூடியைக் கழட்டி வச்சுட்டு அவங்களையே வீட்டுக்குக் கூப்பிடுங்க.

பாதி ஆழம் வரைக்கும் மரை போயிருந்துச்சுன்னா அந்த ஒரு ஓட்டையை மட்டும் எம் 10 ஆக்கிடலாம். எட்டரை மில்லி ட்ரில் போட்டு எம் 10 டேப்பு ஓட்டணும். பழைய மரையோட வெளி விட்டம் 7.94 தானே, எட்டரை ட்ரில் அதை முழுசாத் துடைச்சு எடுத்துடும், புது மரை புது இரும்புல உக்காரும். ஓட்டையைச் சுத்தி இரும்பு எவ்வளவு தடிமன் இருக்குன்னு முதல்ல பார்க்கச் சொல்லுங்க. மூடியில இருக்கற ஓட்டையையும் பதினொரு மில்லிக்குப் பெருசாக்கணும். அந்தப் போல்ட்டுத் தலைக்குப் பக்கத்துல மூடி மேல பெயிண்ட்ல 10-னு எழுதிடுங்க, அடுத்த தடவை கழட்டறவங்களுக்குத் தெரியணுமில்ல.

மாட்டும்போது எல்லா போல்ட்டையும் கையால முழுசா ஏத்திட்டு அப்புறம் ஸ்பேனரை எடுங்க. ஒண்ணை இறுக்கினா அடுத்து அதுக்கு எதிர்ல இருக்கறதை இறுக்குங்க, வரிசையாப் போகாதீங்க, மூடி கோணிக்கும். 13 ஸ்பேனரோ, தலைக்கு எது சேருதோ அது, கை பலம் மட்டும் போதும்.

வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்ன மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணி ஃபியூஸைப் பிடுங்கி வச்சுக்கோங்க. ட்ரில்லும் டேப்பும் ஓட்டும்போது கல்லு மேல துணி போட்டு மூடிடணும். முடிஞ்சதும் பிரஷ் போட்டுத் தட்டி, ஒரு காந்தத்தை உள்ள எல்லா இடத்துலயும் காட்டித் துருவலை எடுங்க, வார்ப்பிரும்பு காந்தத்துல நல்லா ஒட்டும். முதல் ஓட்டத்துக்குத் தவிடோ நொய்யோ ரெண்டு படி போட்டு அரைச்சு, அதை மாட்டுக்குக்கூட வைக்காம வெளியில கொட்டிடுங்க. அப்புறம் ஊருக்கு அரைக்கலாம்.